எந்த சைக்கிள் உழைக்கும்? ஒரு பிரேமின் கதை



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவன் போன் செய்தான். இப்போது அவனுக்கே ஒன்பதாவது படிக்கிற மகள் இருக்கிறாள். “டீச்சர், பாப்பாவுக்கு சைக்கிள் வாங்கணும். கடையில 6,000-த்துக்கும் இருக்கு, 16,000-த்துக்கும் இருக்கு. எது டீச்சர் உழைக்கும்? நீங்க சைக்கிள் கடைக்காரர் மகளாச்சே, சொல்லுங்க” என்றான். இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் டீச்சர் எதையும் இரண்டு வரியில் சொன்னதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் காபியை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வாடகை சைக்கிள் மாதிரி ஒரு சோதனைச்சாலை உலகத்தில் கிடையாது. சொந்த சைக்கிளை யாரும் கல்லில் ஏற்றமாட்டார்கள். மணிக்கணக்கில் எடுத்த சைக்கிளில் மூன்று பேர் ஏறுவார்கள், வரப்பில் இறக்குவார்கள், கண்மாய்த் தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அப்பா ஒவ்வொரு சைக்கிளுக்கும் நம்பர் போட்டு, எந்த நாளில் எது போனது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த நோட்டில் அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். என் கையெழுத்து திருந்தியது அந்த நோட்டில்தான்.

அந்த நோட்டைப் புரட்டினால் ஒன்று தெரியும். அடிக்கடி போவது பின்சக்கரத்துப் போக்ஸ் கம்பி, அதிலும் பிரீவீல் பக்கத்துக் கம்பி. அப்புறம் பெடல், கிராங்கைப் பிடிக்கிற காட்டர் பின், பால்ஸ், கோன். பிரேம் போனதாக எழுதிய வரிகள் மிகக் குறைவு. போன இடமும் குழாயின் நடுவில் இராது. மூட்டுக்குப் பக்கத்தில், ஒரு விரல்கடை தள்ளி மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விட்டிருக்கும். ஏன் அங்கே? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சைக்கிள் உலகம் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டது.

கதையை மரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் ஊரில் கார்ல் டிராய்ஸ் என்பவர் இரண்டு சக்கரத்தை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒரு வண்டி செய்தார். பெடல் கிடையாது. காலால் தரையை உந்திக்கொண்டே போக வேண்டும். சட்டமெல்லாம் மரம். 1860-களில் பாரிசில் மிஷோ என்ற கருமார் குடும்பத்தின் பட்டறையில் முன்சக்கரத்தில் பெடல் வைத்த வண்டி வந்தது. இரும்புச் சட்டம், இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரம். கல் பாவிய தெருவில் அதில் போனவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரே சாட்சி: எலும்பை உலுக்கி.

அடுத்து இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம். அங்கே தையல் மெஷின் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி சைக்கிள் செய்ய இறங்கியது. அதில் இருந்த ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். ஹப்பிலிருந்து கம்பியை நேராக விடாமல் சாய்த்து, ஒன்றையொன்று குறுக்கே கடக்கிற மாதிரி கோப்பது. இன்றைக்கும் நம் சைக்கிள் சக்கரத்தில் இருப்பது அதே சாய்வுதான். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் பாரத்தைக் கீழிருந்து முட்டுக் கொடுத்துத் தாங்கும். சைக்கிள் கம்பியால் முட்டுக் கொடுக்க முடியாது, விரலால் அழுத்தினாலே வளைந்துவிடும். எல்லாக் கம்பியையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பதால்தான் சக்கரம் நிற்கிறது. ஒரு கம்பி தளர்ந்தால் அதன் வேலை பக்கத்துக் கம்பியின் தலையில் விழும். அது அறுந்தால் அடுத்தது. “ஒரு கம்பிதானே” என்று விட்டவன் ஒரு மாதத்தில் நாலு கம்பிக்குக் காசு கொடுப்பான் என்பார் அப்பா.

ஆள் உயரச் சக்கரத்தில் ஏறி, தலைகுப்புற விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட காலத்தை விட்டுவிடுகிறேன். படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

1885-இல் அந்த ஜேம்சின் அண்ணனோ தம்பியோ மகன், ஜான் கெம்ப் ஸ்டார்லி, ரோவர் என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, செயின் பின்சக்கரத்தை இழுக்கும். அந்தச் செயினுக்கு வழி செய்தவர் மான்செஸ்டரில் இருந்த ஹான்ஸ் ரெனால்ட். 1880-இல் புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கியவர். 1888-இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்று டயர் செய்தார். காற்று டயர் வந்தது சொகுசுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரேமுக்குப் போகிற அடியில் பெரும்பங்கை அது வாங்கிக்கொண்டது. அதனால்தான் அதன்பிறகு பிரேமை மெல்லிய குழாயில் செய்யத் துணிந்தார்கள். காற்றுக் குறைந்த டயரில் ஓட்டினால் ரிம்மும் பிரேமும் சேர்ந்து சாகும் என்பது இதனுடைய மறுபக்கம்.

ரோவரின் முதல் பிரேம் இன்று நாம் பார்க்கிற வடிவத்தில் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் பலரும் வளைத்தும் நெளித்தும் பார்த்து, 1890 வாக்கில் ஹம்பர் கம்பெனி சைக்கிளில் இன்றைய வைர வடிவம் நிலைபெற்றது. மேல் பார், கீழ் பார், சீட் குழாய், பின்னால் போகிற இரண்டு இரட்டைக் கம்பிகள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் சொல்லியிருப்பார்: நாலு குச்சியை ஆணி அடித்துச் சதுரமாக வைத்தால் ஒரு தட்டில் சாயும், மூன்று குச்சியை வைத்தால் சாயாது. சைக்கிளின் பின்பாதி அசல் முக்கோணம். முன்பாதி முழு முக்கோணம் இல்லை, ஹேண்டில் குழாய் இருக்கும் மூலையில் கொஞ்சம் வெட்டுப்பட்ட முக்கோணம். அந்த வெட்டுப்பட்ட மூலைதான் முன்பக்கம் மோதினால் முதலில் அடி வாங்கும் இடம். பிறகு சொல்கிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த முக்கோண ஓட்டையின் இன்னொரு பயன் தெரியும். சீட் எட்டாத வயதில் அதற்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டவர்கள்தானே எல்லோரும்!

1896-இல் ஆர்ச்சிபால்ட் ஷார்ப் என்ற பொறியாளர் சைக்கிளைப் பற்றித் தடியான ஒரு புத்தகம் எழுதினார். பாலத்துக்கும் கூரைக்கும் கணக்குப் போடுகிற மாதிரி, எந்தக் குழாயில் எவ்வளவு இழுப்பு, எவ்வளவு அழுத்தம் என்று சைக்கிள் பிரேமுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அதுவரை விற்பவர் வாயும் வாங்குபவர் நம்பிக்கையும்தான் தரம் பார்க்கிற கருவிகள். அவர் புத்தகம் வந்த காலம் இங்கிலாந்தில் சைக்கிள் பைத்தியம் உச்சத்தில் இருந்த காலம். தெருவுக்கு ஒரு கம்பெனி. காசு புரண்டால் குப்பையும் சேரும். மட்டமான கனத்த குழாயில் செய்த பிரேமை அந்த ஊர்க்காரர்களே “கேஸ் பைப்” என்று கேலி செய்தார்கள். ஒன்றிரண்டு ஆண்டிலேயே சந்தை சரிந்து பல கம்பெனிகள் காணாமல் போயின.

இனி, விரிசல் ஏன் மூட்டுக்குப் பக்கத்தில் விடுகிறது என்ற கேள்விக்கு வருவோம்.

குழாயோடு குழாயை ஒட்ட அந்தக் காலத்தில் ‘லக்’ என்ற கழுத்துப்பட்டை மாதிரி ஒரு மூட்டைப் போட்டு, சூடாக்கி, பித்தளையை உருக்கி உள்ளே ஓட விடுவார்கள். பித்தளை ஓட ஏறக்குறைய 900 டிகிரி சூடு வேண்டும். இரும்பு சிவந்துவிடும். கூடுதலாகக் காய்ச்சினால் அந்த இடத்தில் எஃகு தன் பலத்தை இழக்கும். போதாததற்கு, நீங்கள் பெடலை மிதிக்கிறபோதும் பள்ளத்தில் இறங்குகிறபோதும் வளைவு அதிகம் சேர்வதும் மூட்டுக்கு அருகில்தான். அதாவது எங்கே பாரம் அதிகமோ அங்கேயே உலோகம் பலவீனம். முழுக் குழாயையும் கனமாக்கினால் பிழைக்கும், ஆனால் சைக்கிள் கல்லாகிவிடும்.

இதற்கு வழி சொன்னது ஓர் ஆணிக் கம்பெனி. பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் குடும்பம் ஆணி செய்துகொண்டிருந்தது. (செயின் ரெனால்ட் வேறு, இந்த ரெனால்ட்ஸ் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) ஆல்ஃப்ரட் மில்வர்ட் ரெனால்ட்ஸ் 1897-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். வெளியே பார்த்தால் குழாய் ஒரே அளவு. உள்ளே இரண்டு நுனியிலும் சுவர் தடிமன், நடுவில் மெல்லிசு. மூங்கிலைப் பிளந்து பாருங்கள், கணுவில் தடித்து இடையில் மெலிந்திருக்கும். அதே யோசனைதான். மூங்கில் அதை எப்போதோ செய்துவிட்டது, மனிதன் காப்புரிமை வாங்கினான்.

1935-இல் அதே ரெனால்ட்ஸ் கம்பெனி மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகில் ‘531’ என்ற குழாயைக் கொண்டுவந்தது. பந்தய சைக்கிள்காரர்கள் அந்த எண் போட்ட ஸ்டிக்கரைப் பார்த்தே சைக்கிளை எடை போட்டார்கள். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு, பிள்ளைகளே. எந்த எஃகை எடுத்தாலும் அது வளைந்து கொடுக்கிற அளவு ஏறக்குறைய ஒன்றுதான். உடைவதற்கு முன் எவ்வளவு தாங்கும் என்பதில்தான் நல்ல எஃகுக்கும் சாதா எஃகுக்கும் வித்தியாசம். ஆகவே நல்ல எஃகு வாங்கியதன் பயன், அதே பலத்தை மெல்லிய சுவரில் பெறலாம் என்பது. மெல்லிய சுவர் பளு குறைவு. கூடவே, ஒரு கல் பட்டால் நசுங்கும், உள்ளே துரு ஏறினால் சீக்கிரம் ஓட்டை விழும்.

இதை வைத்து அப்பா காலத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சைக்கிள் வாங்க வருகிறவர்கள் பிரேமை ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பார்ப்பார்கள். ‘டங்’ என்று நீண்டு கேட்டால் நல்ல இரும்பு என்று தலையாட்டுவார்கள். அப்பா சிரித்துக்கொண்டே இருப்பார், வியாபாரத்தைக் கெடுக்கமாட்டார். அந்தச் சத்தத்தில் குழாயின் சுவர் மெல்லிசா தடிப்பா என்பது கொஞ்சம் தெரியலாம். எஃகின் ஜாதி தெரியாது. பித்தளை மூட்டுக்குள் முழுக்க ஓடியதா என்பது சுத்தமாகத் தெரியாது. அதற்கு அவர் லக்கின் ஓரத்தைப் பார்ப்பார். சுற்றிலும் மெல்லிய பித்தளைக் கோடு விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். பெயிண்டுக்கு அடியிலும் நகத்தால் வருடினால் தெரியும் என்பார். எனக்குத் தெரிந்ததில்லை. அவர் நகம் வேறு, என் நகம் வேறு.

லக் விஷயத்தில் ராலியின் கதை தனி. நாட்டிங்காமில் ராலி தெருவில் இருந்த ஒரு சின்னப் பட்டறையை ஃபிராங்க் பௌடன் வாங்கிப் பெரிதாக்கியது 1880-களின் கடைசியில். அப்போது பல கம்பெனிகளும் லக்கை வார்ப்பு இரும்பில் செய்தன. வார்ப்பு கனம், உள்ளே குமிழி இருந்தாலும் வெளியே தெரியாது. ராலி எஃகுத் தகட்டை அழுத்தி லக் செய்ய ஆரம்பித்தது. “முழுக்க எஃகாலான சைக்கிள்” என்று பல ஆண்டுகள் அவர்கள் விளம்பரம் செய்தார்களே, அந்த ‘முழுக்க’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்த லக்தான். நம் தாத்தாக்கள் ராலியைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டதில் நியாயம் இருந்தது.

ஆனால் ராலியிடம் அப்பாவுக்கு ஒரு கோபமும் உண்டு. மற்ற ஆங்கில சைக்கிள்களில் பெடல் அச்சுக் கப்பின் மரை அங்குலத்துக்கு 24. ராலியில் 26. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். தெரியாமல் முடுக்கினால் பிரேமின் மரையே போய்விடும். பி.எஸ்.ஏ. கம்பெனி இதற்கு நேர்மாறு. துப்பாக்கி செய்த கம்பெனி அது, மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய முத்திரை நினைவிருக்கிறதா? துப்பாக்கி செய்யும் துல்லியத்தோடு ஹப், கிராங்க், லக் எல்லாம் செய்து சின்னப் பட்டறைகளுக்கும் செட் செட்டாக விற்றார்கள். ஓர் ஊரில் வாங்கிய கோன் இன்னோர் ஊரில் செய்த சைக்கிளுக்குப் பொருந்தியது. சைக்கிளின் ஆயுளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எஃகைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதி ஆயுள் இந்தப் பொருத்தத்தில் இருக்கிறது. எந்தப் பாகமும் ஒருநாள் தேயும். தேய்ந்தது அடுத்த கடையில் கிடைத்தால் சைக்கிள் ஓடும், கிடைக்காவிட்டால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

நம் நாட்டுக்கு வருவோம். முன்பெல்லாம் ஓடியதில் பெரும்பாலும் கப்பலில் வந்த ஆங்கில சைக்கிள்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கின. அம்பத்தூரில் ஹெர்குலிஸ் பிறந்தது. ஹெர்குலிஸ் என்பது 1910-இல் பர்மிங்காமில் எட்மண்ட் கிரேன் தொடங்கிய பெயர். உழைக்கிறவன் வாங்குகிற விலையில் சைக்கிள் என்பதுதான் அவருடைய கொள்கை. பிறகு ஆவடியில் குழாய் செய்யும் தொழிற்சாலையும், 1960-இல் அமெரிக்க டயமண்ட் கம்பெனியோடு சேர்ந்து செயின் செய்யும் தொழிற்சாலையும் வந்தன. அந்த டயமண்ட் செயினைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன்: ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில் இன்ஜினையும் விசிறியையும் இணைத்தது அவர்கள் செய்த செயின்தான். ரைட் சகோதரர்களே சைக்கிள் கடைக்காரர்கள்தானே. வடக்கே அசன்சோலில் சென்-ராலி, சோனிபட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ. லூதியானாவின் பலம் அந்தப் பொருத்தம்தான். தெருவெல்லாம் சின்னச் சின்னப் பட்டறைகள், ஒருவர் போர்க், ஒருவர் பெடல், ஒருவர் மட்கார்டு.

நம் சைக்கிள் ரேஸ் சைக்கிள் இல்லை. 28 அங்குலச் சக்கரம், முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி, கம்பி பிரேக், எடை 20 கிலோ பக்கம். ஆங்கிலேயர் ‘கேஸ் பைப்’ என்று சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். இளநீர்க் குலை, பால் கேன், ஐஸ் பெட்டி, அரிசி மூட்டை, மூட்டைக்கு மேல் ஒரு ஆள் என்று ஏற்றுகிற ஊரில், சுவர் தடித்த சாதா எஃகுதான் சரியான எஃகு. நசுங்கினால் தட்டி எடுக்கலாம், விட்டுப்போனால் எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டலாம். மெல்லிய உயர்ஜாதிக் குழாயைச் சாதாரண வெல்டிங்கில் சுட்டால் அந்த இடத்திலேயே மறுபடி விடும். நம் வியாபாரிகள் அதோடு நிற்கவில்லை. இரட்டைப் பார் கேட்டு வாங்கினார்கள், கேரியருக்குக் கூடுதல் தாங்கு கம்பி வைத்தார்கள், போர்க்கின் இரு பக்கமும் பட்டை வைத்து ஒட்டினார்கள். காசு சேராத கையில் அது ஒன்றுதான் சொத்து. அது ஒடிந்தால் அன்றைய உலை கொதிக்காது.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியர் ஷீலாராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தோம். என் தலைமுறை டீச்சர்களுக்கு அது மறக்கக்கூடிய காலமில்லை. மாலையில் பள்ளி மைதானத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்பது வயதுக்காரர்கள் பின்சீட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஓட்டினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் வந்து பார்த்து எழுதினார். அவர் எழுதியதில் ஒன்று என் கண்ணால் பார்த்தது: பல பெண்கள் ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிளையே கேட்டார்கள். பாரில் குழந்தைக்கு ஒரு சீட் போடலாம் என்பதற்காக.

வெளியூர்க்காரர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அப்பாவுக்கு இல்லை. லேடீஸ் சைக்கிளில் மேல் பார் கீழே இறங்கிவிடுவதால் முன்பக்கத்து முக்கோணம் போய்விடுகிறது. ஹேண்டிலைத் திருகினால் பிரேமும் சேர்ந்து முறுகும். இறக்கிய பார் சீட் குழாயின் நடுவில் போய் முட்டுவதால் அந்த இடத்தில் வளைவும் அதிகம். ஒரு ஆள் பள்ளிக்கோ ஆபீசுக்கோ போய்வர அது போதும். முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம் இரண்டு என்றால் அதே பலம் வேண்டி இன்னும் தடித்த குழாய் போட வேண்டும். தண்ணீர் தூக்குகிற பெண், வடிவியல் படிக்காமலே, பாரம் தாங்கும் பிரேமைத் தேர்ந்தெடுத்தாள். சேலை கட்டிக்கொண்டு அந்தப் பாரைத் தாண்டி ஏறவும் கற்றுக்கொண்டாள்.

இப்போது கடையில் நிற்கிற புது சைக்கிள்களைப் பற்றி. அலுமினியம், எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் குழாயைக் குண்டாகச் செய்கிறார்கள். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்குள் எத்தனை லட்சம் தடவை வளைத்தாலும் அதற்குக் கணக்கில்லை. அலுமினியம் ஒவ்வொரு வளைவையும் கணக்கு வைத்துக்கொள்ளும். நன்றாகக் கணக்குப் போட்டுச் செய்த அலுமினிய பிரேம் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் விட்டுப்போனால் நம் ஊர் வெல்டிங்கில் சரிசெய்ய முடியாது. ஐ.எஸ்.ஓ. 4210 என்ற உலகத் தரத்தில் பிரேமை மெஷினில் மாட்டி ஒரு லட்சம் தடவை பெடல் மிதிக்க வைக்கிறார்கள், 22.5 கிலோ எடையை மேலிருந்து போட்டுப் பார்க்கிறார்கள். விலை உயர்ந்த சைக்கிள் வாங்குபவர்கள் கடைக்காரரிடம் அந்தத் தரச் சான்று உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

போன் செய்தவனுக்கு நான் சொன்னது இதுதான். 6,000 ரூபாய் சைக்கிளில் முன்னால் ஸ்பிரிங், நடுவில் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக் எல்லாம் இருந்தால் அந்த 6,000 எங்கே போயிருக்கும் என்று யோசி. ஹப்புக்கும் ரிம்முக்கும் குழாய்க்கும் என்ன மிஞ்சியிருக்கும்? அதே விலையில் ஒன்றுமில்லாத, ஸ்பிரிங் இல்லாத சைக்கிளில் பணம் பிரேமிலும் சக்கரத்திலும் இருக்கும். பாப்பா தினமும் ஐந்து கிலோமீட்டர் தார்ச் சாலையில் போகிறவள், மலையில் ஏறப் போகிறவள் இல்லை. ஸ்டிக்கரைப் பார்க்காதே, சக்கரத்தைத் தூக்கிச் சுற்று.

வீட்டில் ஏற்கெனவே சைக்கிள் இருப்பவர்களுக்கும், பழையது வாங்கப் போகிறவர்களுக்கும் அப்பாவின் சோதனைகளைச் சொல்கிறேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் கட்டையையும் ரிம்மையும் பாருங்கள். இடைவெளி ஒரே மாதிரி இருந்தால் கோட்டம் இல்லை. கம்பிகளை வீணை மாதிரி மீட்டுங்கள், ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் கேட்க வேண்டும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘கடக்’ என்றால் கோன் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. பால்ஸ் மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழசோடு புதுசு கலந்தால் கொஞ்சம் பெரிதாக இருக்கிற புது பால்ஸே முழுப் பாரத்தையும் சுமந்து கோனைக் குழி ஆக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேர்ப்பாதையில் வந்ததும் தானாகக் கவ்வி நின்றால் மேலே கப்பில் குழி விழுந்திருக்கிறது.

முன்பு சொன்ன அந்த வெட்டுப்பட்ட மூலைக்கு வாருங்கள். ஹேண்டில் குழாய்க்குப் பின்னால், கீழ் பாரின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். பெயிண்ட் சுருங்கியோ, குழாய் லேசாகப் புடைத்தோ இருந்தால் அந்த சைக்கிள் எங்கோ நேராக மோதியிருக்கிறது. எவ்வளவு பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தாலும் வாங்காதீர்கள். போர்க்கையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள், மேலே நேராக வந்து கீழே மட்டும் சீராக முன்னால் வளைந்திருக்க வேண்டும். போர்க் ஒடிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கரம் மாட்டுகிற இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டுங்கள். அங்கிருந்து முன்னால் கொண்டுபோய் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கம் பின்னால் இழுத்து அதே இடத்தில் கட்டுங்கள். இரண்டு பக்க நூலும் சீட் குழாயைத் தாண்டிப் போகும். நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதல் என்றால் பிரேம் அல்லது பின்கம்பிகள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதை மைதானத்தில் செய்திருக்கிறேன். கணக்குப் பாடமும் ஆனது, சைக்கிள் பாடமும் ஆனது.

செயினுக்கு உங்கள் பழைய ஒரு அடி ஸ்கேலே போதும். செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் அரை அங்குலம். 24 கணு சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள், 12-இல் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அரைக்கால் அங்குலத்தில் பாதி தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றிவிட்டுத் தப்பிக்கலாம். முழு அரைக்கால் அங்குலம் தாண்டியிருந்தால் பிரீவீல் பல்லும் கொக்கி மாதிரி ஆகியிருக்கும். புது செயின் போட்டாலும் தாவும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இன்று மாலை வீட்டு சைக்கிளில் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு வந்தது என்று கீழே எழுதுங்கள். சைக்கிள் எந்த ஆண்டு வாங்கியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ராலி வைத்திருக்கிற பெரியப்பா வீட்டுக்காரர்கள் முதலில் எழுத வேண்டும்.